ராகுகாலத்துக்கு ஒரு அறை

வடக்கே போய், அதற்கும் வடக்கே போய், இனி ஒரு மரம்கூட முளைக்காது என்று நிலம் கைவிரித்துவிட்ட இடத்தில், மலைக்கும் கடலுக்கும் நடுவில் ஸ்கார்விகா என்றொரு மீன்பிடி ஊர் இருக்கிறது. நோர்வே நாட்டின் உச்சந்தலை அது. அங்கே கார்த்திகை பிறந்து ஒரு வாரத்தில் கடலுக்குள் இறங்குகிற சூரியன், தை பிறந்து ஒரு வாரம் போகும்வரை தலையைக் காட்டாது. அந்த இரண்டு மாதமும் மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத் தெருவிளக்கு எரியும். மீன் கம்பனி வேலைக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் ஒரே இருட்டில் ஒருவரையொருவர் கடந்துபோவார்கள். தைப்பொங்கல் அன்று சூரியனுக்குப் படைக்கச் சூரியன் இருக்காது. நாங்கள் முப்பத்தொரு தமிழ்க் குடும்பமும் தெற்கு மலைப் பக்கம் திரும்பி நின்று, அங்கேதான் இருக்கிறார் என்ற நம்பிக்கையில் படைத்துவிட்டு, பொங்கல் உறைவதற்கு முன் உள்ளே ஓடிவந்து சாப்பிடுவோம்.

இப்படிப்பட்ட ஊரில் ராகுகாலம் பார்ப்பது லேசுப்பட்ட காரியமில்லை. இலங்கையிலிருந்து வருகிற பஞ்சாங்கத்தில் ஏழரை தொடக்கம் ஒன்பது, ஒன்றரை தொடக்கம் மூன்று என்று போட்டிருப்பதெல்லாம் ஆறு மணிக்கு விடிந்து ஆறு மணிக்குப் பொழுதுபடுகிற சீமைக்கு. பகலை எட்டுப் பங்காகப் போட்டுக் கிழமைக்கு ஒரு பங்கை ராகுவுக்குக் கொடுப்பதுதான் கணக்கு என்றால், பகலின் நீளம் தெரியாமல் பங்கு போடுவது எப்படி? அதற்குத்தான் எங்களுக்குத் தில்லையம்பலம் அண்ணை இருந்தார். இலங்கையில் நில அளவையாளராக இருந்தவர், இங்கே கம்பனியில் மீன்பெட்டி அடுக்குகிறவர். வருடா வருடம் ஸ்கார்விகாவுக்கென்றே ஒற்றைத் தாளில் ஒரு பஞ்சாங்கம் கணித்து, கொப்பி எடுத்து, வீடு வீடாகக் கொடுப்பார். நாங்கள் அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைப்போம். நம்பிக்கை என்று பார்த்தால் அவருக்கு அரிசிமணி அளவும் கிடையாது. "ராகுவும் இல்லை கேதுவும் இல்லை, இது வெறும் வகுத்தல் கணக்கு," என்பார். கோடையில் சூரியன் மறையாத நாட்களில் இருபத்துநான்கு மணித்தியாலப் பகலை எட்டால் வகுத்து, நாளுக்கு மூன்று மணித்தியாலம் ராகுகாலம் என்று எழுதித் தந்து, ஊரில் ஒருத்தரையும் ஒரு காரியமும் தொடங்கவிடாமல் பண்ணிய ஆள் அவர்.

நம்பிக்கை முழுவதும் அவருடைய மனைவி மனோன்மணியிடம் இருந்தது. மணி அக்கா மீன் வெட்டுகிற வரிசையில் எனக்குப் பக்கத்தில் நிற்பவர். முப்பது வருடமாக ராகுகாலத்தில் வாசற்படி தாண்டாதவர். வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில் ராகுகாலம் வந்து விழுந்தால், அது தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்பே கைப்பையை வெளியே கொண்டுபோய் என் காரில் வைத்து, பயணம் தொடங்கியாயிற்று என்று ஒரு கணக்குக் காட்டிவிட்டு, திரும்பி உள்ளே வந்து ஆறுதலாகத் தேத்தண்ணி குடிப்பார். புருசன் கணிக்க, பெண்சாதி கடைப்பிடிக்க, அந்த வீடு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

தவறு ஒரு சொல்லில் வந்தது. சூரியன் இல்லாத அந்த இரண்டு மாதத்துக்கும் ராகுகாலப் பத்தியில் அண்ணை வழக்கமாக ஒரு கோடுதான் போடுவார். எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் குலநாயகம், சைவ சித்தாந்த வகுப்பு வேறு எடுக்கிறவர், கோடு போட்டால் சனத்துக்கு விளங்குதில்லை, விளக்கமாக எழுதும் என்று நச்சரித்தார். அண்ணையும் அந்த வருடம் கோடு போடுவதை விட்டு, பகல் இல்லாததால் எட்டிலொன்றும் இல்லை என்ற கணக்கில், நாளுக்கு நாள் 'இல்லை', 'இல்லை', 'இல்லை' என்று ஐம்பத்தெட்டுத் தடவை எழுதினார். கணக்கில் ஒரு பிழையும் கிடையாது. ஆனால் ஒருவரை இல்லை என்று ஐம்பத்தெட்டுத் தடவை எழுதினால் அவர் எங்கே போவார்?

சூரியன் இறங்கி ஒரு வாரம் கழித்து, வியாழக்கிழமை மத்தியானம் ஒன்றரை மணிக்கு, ராகுகாலம் வந்து அண்ணை வீட்டுக் கதவைத் தட்டியது. நான் அப்போது அங்கேதான் இருந்தேன். காலை வேலை முடிந்து அக்காவோடு வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்தால் வெளியே கரும் இருட்டு, வாசற்படியில் மட்டும் வெயில் நின்றது. மனித உருவமும் இல்லை, மிருக உருவமும் இல்லை. ஒன்றரை மணித்தியாலம் என்பது எழுந்து நின்றால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு இருந்தது. அதன் அடியில் பனி உருகிப் படியால் வழிந்துகொண்டிருந்தது.

அண்ணை மணிக்கூட்டைப் பார்த்தார், பிறகு அதைப் பார்த்தார். "வியாழன், ஒண்டரை தொடக்கம் மூண்டு," என்றார். "ராகுகாலம்."

குலநாயகத்துக்குப் போன் போட்டோம். அடுத்த தெருதான், சறுக்கிக்கொண்டு ஓடிவந்தார். வந்தவர் படிக்குக் கீழேயே நின்று, "இது நடக்காத விசயம் அண்ணை," என்றார். "காலம் மாயையில பிறந்த தத்துவம். சடம். அறிவில்லாதது. அது எப்பிடி நடந்து வரும், எப்பிடிக் கதவைத் தட்டும்?"

"சடமோ என்னவோ, குளிருக்கை நிக்குது," என்றார் மணி அக்கா. முகம் வெளிறிப்போய்த்தான் இருந்தது. முப்பது வருடம் பயந்த சாமான் அல்லவா எதிரில் நிற்கிறது. ஆனாலும் கதவை அகலத் திறந்துவிட்டார். "உள்ளுக்கு வரட்டும். எங்கட ஆரபியின்ர அறை சும்மாதானே கிடக்கு."

ஆரபி அவர்களுடைய ஒரே மகள். கலியாணம் முடித்துத் தெற்கே பேர்கன் நகரத்தில் இருக்கிறாள். அவளுடைய அறைக்குள் ராகுகாலம் போய்க் குடியேறியது.

அன்று தொடங்கி அந்த அறைக்குள் எப்போது நுழைந்தாலும் வியாழக்கிழமை ஒன்றரை மணி. சுவரில் வெயில் சாய்ந்திருக்கும், தரை சுடும், ஒன்றரை மூன்றாகும், மூன்று மறுபடி ஒன்றரையாகும். எந்த ஊர் மத்தியானம் இது என்று முதல் நாளே சண்டை வந்துவிட்டது. காரைநகர் வெயில்தான் இப்படி மஞ்சளாக இருக்கும் என்றார் ஒருவர், மட்டக்களப்பு வெயிலில்தான் இந்தக் கசகசப்பு என்றார் இன்னொருவர், அறைக்குள் நின்றே கத்தினார்கள். அண்ணை கைத்திசைகாட்டியோடு வந்து நிழலை அளந்துவிட்டு, இது எந்த ஊருக்கும் பொருந்தாத வெயில், எல்லாரும் வாயை மூடிக்கொண்டு வெளியே போங்கோ என்று விரட்டினார்.

விரட்டினால் போகிறவர்களா நாங்கள்? இரண்டு மாதம் சூரியனைக் காணமுடியாத சனம். கெட்ட நேரம் என்று தெரியும். ஆனால் ஊரில் இருந்த ஒரே வெளிச்சம் அந்தக் கெட்ட நேரம்தான். சங்கம் கூடித் தீர்மானம் போட்டது: நாளுக்கு எட்டுப் பேர், ஆளுக்கு இருபது நிமிடம், உள்ளே புதிதாக எதையும் தொடங்கக் கூடாது, ஏற்கெனவே தொடங்கியதைத் தொடரலாம். ஆகவே பாதியில் விட்ட பின்னல், பாதியில் விட்ட புத்தகம், பாதியில் விட்ட ஊர்வம்பு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போனோம். பக்கத்து வீட்டு நோர்வேக் கிழவி இங்கபோர்க் பின்னலும் இல்லாமல் வம்பும் இல்லாமல் வந்து, காலுறையைக் கழற்றி இரண்டு பாதத்தையும் வெயிலில் நீட்டிக்கொண்டு நித்திரை கொள்வார். நகரசபையிலிருந்து ஒரு பெண் படிவத்தோடு வந்து பார்த்தாள்; இரண்டு மணித்தியாலத்துக்கும் குறைவானதற்கு அனுமதி தேவையில்லை என்று எழுதிவிட்டு, தானும் இருபது நிமிடம் இருந்துவிட்டுப் போனாள்.

ராகுகாலத்தில் தொடங்கியது முடியாது என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறோம். எப்படி முடியாது என்பதைக் கண்ணால் பார்த்தது அந்த அறைக்குள்தான். யாரோ ஞாபகமறதியில் மின்கேத்தலை உள்ளே கொண்டுபோய்ப் போட்டார்கள். தண்ணீர் சுட்டது, சுட்டுக்கொண்டே இருந்தது, கடைசிவரை கொதிக்கவில்லை. இங்கபோர்க் கிழவிக்கு உள்ளே வைத்து ஒரு தும்மல் தொடங்கி, சளிபிடித்துத் தடிமன் ஆகாமல், தும்மல் விட்டுப்போகாமலும் அப்படியே நின்றது. அதற்குப் பிறகு நடந்ததுதான் விசயம். குலநாயகம் தன் மாமியாருக்கு உள்ளே இருந்தே போன் எடுத்து, "வந்து எங்களோட ஒரு வருசம் நில்லுங்கோ மாமி," என்று வாய் நிறைய அழைத்தார். மனைவிக்கு ஆனந்தக் கண்ணீர். மாமியாருடைய விசா விண்ணப்பம் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போனது, அங்கிருந்து திரும்பி முதல் மேசைக்கு வந்தது, மறுபடி போனது. குலநாயகம் சிரிப்பை மீசைக்குள் ஒளித்துக்கொண்டு திரிந்தார்.

சித்தாந்தம் படித்தவரே வழிகாட்டினால் சனம் விடுமா? முடியக் கூடாது என்று மனதுக்குள் வைத்திருந்ததையெல்லாம் கொண்டுவந்து உள்ளே வைத்துத் தொடங்கினார்கள். விவாகரத்துப் பத்திரத்தை உள்ளே வைத்து உறை பிரித்தவர் உண்டு. மகன் கூட்டிவந்து காட்டிய பெண்ணை, நல்ல வெளிச்சத்தில் பார்ப்போம் என்று உள்ளே வைத்துப் பெண் பார்த்த தாய் உண்டு. என்னைச் சொன்னால், என் புருசன் ஒஸ்லோவுக்குப் போய்விடலாம், அங்கே பேருந்து ஓட்டுகிற வேலை இருக்கிறது என்று நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு இந்த ஊரை விட மனமில்லை. "உள்ளுக்கை போய் வெளிச்சத்தில இருந்து விண்ணப்பத்தை நிரப்புங்கோவன், கண்ணுக்கு நல்லது," என்று நானே பேனையும் கொடுத்து அனுப்பினேன். அதில் எனக்கு இன்றைக்கும் வெட்கம்தான், ஆனால் செய்தேன்.

தில்லையம்பலம் அண்ணை இவை எல்லாவற்றையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "வகுத்தல் கணக்கடா, வகுத்தல் கணக்கு," என்பார். அந்த அறைக்குள் அவர் அளக்கிறதற்குத் தவிர நுழைந்ததில்லை. மார்கழி நடுவில் ஒருநாள் பெரியாஸ்பத்திரியிலிருந்து மணி அக்காவின் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. இடது மார்பில் ஒரு கட்டி இருந்து, ஊசியால் துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். அது எங்கள் எல்லாருக்கும் தெரியும், பயப்பட ஒன்றுமில்லை என்று அக்காவே சொல்லியிருந்தார். கடிதம் வந்தபோது அக்கா கம்பனியில். அண்ணை அதைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ராகுகாலத்தின் அறைக்குள் போய், கதவைச் சாத்தி, உறையைப் பிரித்தார்.

நம்பாத மனிதர். ஐம்பத்தெட்டு 'இல்லை' எழுதியவர். அவர் அதைச் செய்தார் என்று பிறகு தெரியவந்தபோது, எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடிதத்தில் நல்ல செய்தி இல்லை. ஆனால் அன்றிலிருந்து கட்டி வளரவும் இல்லை, கரையவும் இல்லை. வெட்டி எடுக்க ஆஸ்பத்திரி மூன்று தடவை நாள் குறித்தது. மூன்று தடவையும் பனிப்புயல் வந்து சின்னப் பிளேன் பறக்காமல் நின்றது. "சும்மா ஒரு செக்கப்தான், காலநிலை பிழைச்சுப்போச்சு, பிறகு போகலாம்," என்று அண்ணை சொல்ல, அக்கா தலையாட்டிக்கொண்டு மீன் வெட்ட வந்தார். கடிதத்தை அண்ணை தன் கணிப்புக் கொப்பியின் பக்கங்களுக்குள் மடித்து வைத்திருந்தார்.

கடிதம் வந்த அதே வாரம், அக்காவுடைய முறை வந்து அவர் அறைக்குள் இருபது நிமிடம் வெயிலில் இருந்தபோது, மடியில் கிடந்த போன் அடித்தது. ஆரபி. மகளுடைய போன் அடித்தால் எந்தத் தாய் எழுந்து வெளியே போய் எடுப்பாள்? இருந்த இடத்திலேயே எடுத்தார். "அம்மா, ஒரு விசயம்," என்றாள் மகள். "எட்டுக் கிழமை அம்மா. இப்பதான் டொக்டர் சொன்னவ. முதல் முதல் உங்களுக்குத்தான் சொல்லுறன்." ஆறு வருடம் பார்த்திருந்து வயிற்றில் தங்கிய எட்டு வாரப் பிள்ளை அது. அக்கா அழுதார், சிரித்தார், வெளியே வந்து என்னைக் கட்டிப்பிடித்தார், அன்று பின்னேரம் எல்லா வீட்டுக்கும் சர்க்கரைப் பொங்கல் போனது. எந்த இடத்தில் இருந்து அந்தச் செய்தியைக் கேட்டோம் என்பது மட்டும் அவருக்கு உறைக்கவில்லை.

ஒன்பதாம் கிழமை வர வேண்டிய நாளில் பேர்கனில் ஸ்கேன் பண்ணிப் பார்த்தார்கள்: எட்டுக் கிழமை. பத்தாம் கிழமையில் பார்த்தார்கள்: எட்டுக் கிழமை. இதயம் துடிக்கிறது, ஒரு குறையும் இல்லை, ஆனால் ஒரு இழையும் வளரவில்லை. முன்பு காலையில் எடுத்துக்கொண்டிருந்த மசக்கைச் சத்தியும் நின்றுவிட்டது. ஆரபி இரண்டு நாளுக்கு ஒரு தடவை போன் எடுத்து, "அம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு இருப்பாள். மணி அக்கா எலும்பும் தோலுமாகப் போனார். வரிசையில் நின்று வெட்டும்போது, முதல் தடவையாக அவருடைய கத்தி முள்ளில் படுகிற சத்தம் கேட்டது.

பொங்கலன்று, பானை வைக்க நேரம் பார்க்கவோ எதற்கோ, அண்ணையுடைய கொப்பியை விரித்த அக்காவின் கையில் கடிதம் விழுந்தது. அவர் அதை வாசித்தார், திகதியைப் பார்த்தார், மூன்று புயலையும் எண்ணினார், வெயில் கசிகிற அந்த அறைக் கதவைப் பார்த்தார், எல்லாம் விளங்கிவிட்டது. மறுநாள் மீன் வெட்டிக்கொண்டே எனக்கு அதைச் சொன்னார். "என்னைப் பிடிச்சு வச்சிருக்கிறார் சுகிர்தா. அதே அறைக்குள்ளை வச்சுப் போன் எடுத்து, பிள்ளையை நான் பிடிச்சு வச்சிருக்கிறன், எனக்கே தெரியாமல்."

"அண்ணையிட்டைக் கேட்டீங்களோ?"

"கேட்டன். அழுறார். அந்த மனுசன் அழுது நான் கண்டதில்லை. எனக்கும் பயம்தான் பிள்ளை, இல்லையெண்டு சொல்ல மாட்டன். அந்தக் கதவு அப்பிடியே இருந்தால் நானும் இருப்பன் எண்டு ஒரு மனம் சொல்லுது. அதைச் சொல்லுற வாயில அறைய வேணும்போல இருக்கு."

நான் அடுத்த மீனை எடுத்தேன். மீன்கள் வந்துகொண்டேயிருந்தன.

சூரியன் திரும்பி வருகிற நாள் தை ஏழு, வியாழக்கிழமை. நோர்வேக்காரருக்கு அது திருநாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மலையேறிப் பாடுவார்கள், வீடு வீடாக இனிப்புப் பணிஸ் சுடுவார்கள். எங்கள் ஆட்களோ அந்த நாளுக்குப் பயந்துகொண்டிருந்தார்கள். பகல் வந்துவிட்டால் எட்டிலொரு பங்கு வந்துவிடும். பங்கு வந்துவிட்டால் ராகுகாலம் தன் இடத்துக்குப் போய்விடும். அது போய்விட்டால் உள்ளே தொடங்கி வைத்ததெல்லாம் ஓடத் தொடங்கிவிடும். செவ்வாய்க்கிழமை வேலை முடிந்த கையோடு சங்க மண்டபத்தில் எல்லாரும் கூடினோம்.

குலநாயகம் எழுந்தார். "அண்ணை, நாங்கள் பெரிசா ஒண்டும் கேக்கேல்லை. வியாழக்கிழமைக்கும் அந்தப் பத்தியில 'இல்லை' எண்டு போட்டுவிடுங்கோ. பிறகு வெள்ளிக்கும் போடலாம். இடம் இல்லையெண்டால் அது பாவம் எங்கை போகும், இங்கையே இருக்கும்."

கையை உயர்த்தச் சொன்னார்கள். அண்ணை வீட்டைத் தவிர முப்பது குடும்பத்திலும் உயராத கை இல்லை. என் கையும் உயர்ந்தது. மணி அக்கா சொன்னதெல்லாம் தெரிந்தும், ஒஸ்லோவை நினைத்து உயர்ந்தது.

எல்லாரும் அண்ணையைப் பார்த்தோம். இலங்கையில் வேலி அரை அடி தள்ளியிருந்தால் அமைச்சரே வந்து சொன்னாலும் கையெழுத்துப் போடாத மனிதர் என்று பெயர் எடுத்தவர், நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்: "நாப்பது நிமிசப் பகல்தான். மலையும் மறைக்கும். அதைப் பகல் எண்டு எடுக்காமலும் விடலாம்."

அவர் வாயால் அது வந்தபோது, மண்டபத்தில் சந்தோசப்பட வேண்டியவர்கள்கூடச் சந்தோசப்படவில்லை.

மணி அக்கா கதிரையிலிருந்து எழுந்தார். "என்ர மகளின்ர பிள்ளை அந்த அறைக்குள்ளை நிக்குது," என்றார். "நான்தான் நிப்பாட்டி வச்சன், தெரியாமல். என்ர வருத்தமும் அதுக்குள்ளைதான் நிக்குது, அதை இவர் நிப்பாட்டி வச்சார், தெரிஞ்சு." அவ்வளவையும் பதறாமல் சொன்னவர் குலநாயகத்தின் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்கள் வகுப்பில சொல்லித் தந்தனீங்கள், காலம் மூண்டு எண்டு. போனது, இருக்கிறது, வரப்போறது. உள்ளுக்கை இருக்கிறது எது?"

குலநாயகம் யோசித்தார். "இருக்கிறது மட்டும்தான் அக்கா," என்றார்.

"இருக்கிறது மட்டும் எனக்குப் போதும். எனக்கு அம்பத்தாறு வயது. எட்டுக் கிழமைப் பிள்ளைக்கு அது போதாது."

என் கை எப்போது கீழே இறங்கியது என்று எனக்குத் தெரியாது. அக்கா குலநாயகத்தின் சட்டைப் பையிலிருந்து பேனையை உருவி, சுவரில் ஒட்டியிருந்த பஞ்சாங்கத் தாளைக் கழற்றிக்கொண்டுவந்து புருசனுடைய மடியில் வைத்தார்.

"எழுதுங்கோ."

"இஞ்சாரும்..." என்றார் அண்ணை.

"கணக்குத்தானே. வகுத்து எழுதுங்கோ."

"என்னால ஏலாது மனோ."

"உங்களாலதான் ஏலும். வேற ஆருக்கு இந்த ஊரில கணிக்கத் தெரியும்?"

அவர் முன்னால் அக்கா முழங்காலில் இருந்து, தாள் நழுவாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அண்ணை எல்லாருக்கும் கேட்கும்படி, பள்ளிக்கூடப் பிள்ளைபோல, சத்தமாகக் கணக்குப் பார்த்தார். உதயம் பத்து ஐம்பது. அஸ்தமனம் பதினொன்று முப்பது. நாற்பதை எட்டால் வகுக்க ஐந்து. வியாழனுக்கு ஆறாம் பங்கு. 'இல்லை' என்ற சொல்லை ஒரு கோட்டால் வெட்டிவிட்டு, 11.15 – 11.20 என்று எழுதினார். பிறகு அந்தத் தாளாலேயே முகத்தை மூடிக்கொண்டார்.

பிறகு எங்களுக்கு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குலநாயகத்தின் மாமியார் மாசியில் வந்து இறங்கினார், இன்னும் போகவில்லை. விவாகரத்து முடிந்தது. பெண் பார்த்த இடத்தில் கலியாணமும் முடிந்தது. நான் இதை எழுதுவது ஒஸ்லோவிலிருந்து. எல்லாரும் கொஞ்சநாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தோம், பிறகு பழகிவிட்டது.

அந்த வியாழக்கிழமைக்கே ஆஸ்பத்திரி நாலாம் தடவையாக நாள் குறித்திருந்தது, பகல் பன்னிரண்டரைக்குப் பிளேன். அண்ணையையும் அக்காவையும் ஓடுபாதைக்குக் கொண்டுபோக நான் காரோடு போயிருந்தேன். பத்து ஐம்பதுக்குத் தெற்கு மலையின் இடுக்கில் சூரியன் ஒரு நகத்தளவு தெரிந்தது. மேலே பிள்ளைகள் பாடுகிற சத்தம் கேட்டது. நாங்கள் மூவரும் நடைக்கூடத்தில், குளிர்ச்சட்டை போட்டு, பையைக் காலடியில் வைத்து நின்றோம். பதினொன்றேகாலுக்கு ஆரபியின் அறைக் கதவு திறந்தது. ராகுகாலம் வெளியே வந்தது. ஒன்றரை மணித்தியாலமாக இருந்தது தன்னைத்தானே மடித்து மடித்து ஐந்து நிமிட அளவுக்கு வந்திருந்தது. எங்கள் கணுக்காலில் சூடாக உரசிக்கொண்டு வாசலுக்குப் போனது. மணி அக்கா கதவைத் திறந்துவிட்டு, "போயிட்டு வாங்கோ," என்றார்.

"அதை ஏன் வரச் சொல்லுறீர்?" என்று பதறினார் அண்ணை.

"வீட்டுக்கு வந்ததைப் பிறகு எப்பிடி அனுப்புறது?"

அது முற்றத்துப் பனியைத் தாண்டி, அந்தச் சின்ன வெயிலுக்குள் கலந்துபோனது. அறை எட்டிப் பார்க்க வெறும் அறையாக இருந்தது. கட்டிலும், ஆரபியின் பழைய மேசையும், இங்கபோர்க் கிழவி விட்டுப்போன காலுறையும் கிடந்தன. நான் கார்ச் சாவியை எடுத்தேன். அக்கா பைக்குக் கை நீட்டினார். அண்ணை குறுக்கே வந்து கதவுநிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அஞ்சு நிமிசம் பொறும்," என்றார். "ராகுகாலம் போகட்டும். உமக்கு என்ன விசரே, இந்த நேரத்தில படி இறங்க?"

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார். பைக்கு நீட்டிய கையால் அவருடைய சட்டைக் கழுத்தைச் சரிசெய்துவிட்டார். அந்த ஐந்து நிமிடமும் நாங்கள் அப்படியே நின்றோம். நானும் என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக ராகுகாலம் பார்த்ததில்லை. அண்ணை மணிக்கூட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பதினொன்று இருபதுக்குக் கதவுநிலையை விட்டார். அதே நேரம் அக்காவின் போன் அடித்தது. ஆரபிதான், ஆனால் பேச்சு வரவில்லை. தண்ணீர் ஓடுகிற சத்தமும், குமட்டுகிற சத்தமும், அதற்கு நடுவில் அழுகையும் கேட்டது. "அம்மா, சத்தி எடுக்குது அம்மா," என்றாள். "காலைமையிலயிருந்து இல்லை, இப்பதான், இந்த நிமிசம்தான். நிக்குதே இல்லை அம்மா." சத்தி எடுத்துக்கொண்டே ஒரு பெண் அவ்வளவு சந்தோசமாக அழுது நான் கேட்டதில்லை.

மணி அக்கா சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவரின் வலது கை மெல்ல எழுந்து, குளிர்ச்சட்டைக்கு மேலாக இடது மார்பை அழுத்திப் பிடித்தது. போனை வாயிலிருந்து தள்ளிப் பிடித்து, மகளுக்குக் கேட்காதபடி எங்கள் பக்கம் திரும்பி, "நோகுது," என்றார்.

அண்ணை பையைத் தூக்கித் தோளில் போட்டார். அக்கா மறுபடி போனைக் காதில் வைத்து, "எடு பிள்ளை, நல்லா எடு, அம்மா இருக்கிறன்," என்று சொல்லிக்கொண்டே படி இறங்கினார்.